டாங்கி வாடகை

தெலுக் கும்பார் கடற்கரையில்
நாற்பது நாள் நான் வெள்ளைக்காரனின் டாங்கியாக இருந்தேன்.
என் வண்டியின் இரு பக்கமும் அத்தாப்பு ஓலை கட்டி
முன்னால் ஒரு கமுகந்தடியைப்
பீரங்கியென்று நீட்டிவிட்டார்கள்.
கொம்பனுக்கும் செவலைக்கும் ஒன்றும் விளங்கவில்லை.
மூட்டை ஏற்றாத வண்டியை ஏன் இத்தனை பேர் சூழ்கிறார்கள் என்று
திரும்பித் திரும்பிப் பார்த்தன.

சார்ஜெண்ட் ஹிராசே விசில் ஊதுவான்.
அலை நனைத்த மணலிலிருந்து நான் ஏறிவர வேண்டும்.
எனக்குப் பின்னால், வண்டி நிழலை விட்டுப் பிரியாமல்,
காலாட்படை:
பாயான் லெப்பாஸ் ஓடுதளத்தில் கல் சுமந்த பதினொரு பேர்,
தோளில் மூங்கில் குச்சி,
வயிற்றில் நேற்றைய மரவள்ளி.
டாங்கிக்குக் கண் போதாது, ஆளுக்குத் தோல் போதாது,
ஒன்றை ஒன்று விட்டால் இரண்டும் சாகும்
என்று சொல்லித் தந்தான் ஆ கியோங்,
சார்ஜெண்டின் பேச்சைப் பாதி மலாயிலும் பாதி கையாலும்.

தென்னந்தடி, சிமெண்டு, கடல் மணல்:
அவ்வளவுதான் அந்தக் காவலரண்.
மணல் என் வண்டியில்தான் வந்தது.
கழுவாத மணல் உப்புப் பூக்கும் என்று
சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
இரண்டு துவாரம். ஒன்று கடலைப் பார்க்கும்.
ஒன்று தென்னந்தோப்பை.

தினமும் ஒரே சாவு.
மணலில் குழி பறித்து, மேலே ஓலை மூடி
மூச்சடக்கிக் கிடப்பார்கள் அவன் ஆட்கள்.
டாங்கியைப் போகவிடுவார்கள். நான் கடந்துபோவேன்.
பிறகு எழுந்து
என் பின்னால் வருபவர்களை மட்டும் சுடுவார்கள்,
வாயால்.
பதினொரு பேரும் விழுவார்கள்.
வேலாயி மகன் சீரங்கன் விழுந்த கையோடு தூங்கிவிடுவான்,
அதற்குத் தனியாக உதை.

இனி நான் தனி டாங்கி.
பக்கவாட்டில் ஒரு சிப்பாய்ப் பையன் ஓடிவந்து
மூங்கில் நுனியில் கட்டிய தேங்காய் மட்டையை
என் சக்கரத்தில் குத்துவான்.
'பாம்' என்பான். பத்தொன்பது வயதிருக்கும்.
சண்டை வந்தால் மட்டையிருக்கும் இடத்தில் வெடியிருக்கும்,
குத்தியவனும் மிஞ்சமாட்டான் என்று
ஆ கியோங் சொன்ன பிறகு
அவன் 'பாம்' என்னும்போதெல்லாம்
நான் கடலைப் பார்த்துக்கொண்டேன்.

இருபத்தாறாம் நாள் செவலை கயிற்றுக்கு அடங்கவில்லை.
கொதிக்கும் வெயில்.
கொம்பனையும் வண்டியையும் இழுத்துக்கொண்டு
கிழக்கே, ஆனைமுதுகுப் பாறை நிழலில் போய் நின்று
புல் மேயத் தொடங்கியது.
காலாட்படையும் பழக்கத்தில் பின்னாலேயே வந்தது.
சார்ஜெண்ட் விசிலை வாய்க்குக் கொண்டுபோனான், ஊதவில்லை.
அரணுக்குள் குனிந்து நுழைந்தான்.
ஒரு துவாரத்தில் கண் வைத்தான், மற்றதில் வைத்தான்.
வெளியே வந்து எங்களையே பார்த்தான்.

இரண்டிலிருந்தும் நாங்கள் தெரியவில்லை.
ஒரு வண்டி, இரண்டு மாடு, பதினொரு ஆள்,
சுவரைத் தடவிப் போய்
துவாரத்தில் ஒரு குண்டை உருட்டிவிடும் தூரத்தில்.

மூன்றாவது துவாரம் உடைக்கச் சொல்வான்,
சம்மட்டியும் நம் தலையில்தான் என்றிருந்தேன்.
சொல்லவில்லை.
மறுநாளிலிருந்து மத்தியானச் சோற்றை
அந்தப் பாறையோரம் உட்கார்ந்து தின்றான்,
முதுகைச் சுவருக்குக் கொடுத்து,
தன் துப்பாக்கிகள் தன்னைக் காணாத இடத்தில்.
ஒருநாள் மூங்கில் பையனையும் கூப்பிட்டு
பக்கத்தில் உட்காரவைத்தான்.

பிறகு கப்பல்கள் வந்தன. எங்கள் கரைக்கு அல்ல.
யாரும் மணலில் ஏறிவரவில்லை,
யாரும் குழியிலிருந்து எழவில்லை.
அரணுக்குள் இப்போது பக் சாலேயின் வலை காய்கிறது,
சுவரில் என் மணல் உப்புப் பூத்திருக்கிறது.

புது ஆபீசுக்குப் போய் வாடகை கேட்டேன்:
டாங்கி ஒன்று, நாள் நாற்பது.
எந்தப் பட்டாளத்து டாங்கி என்றார் கிராணி.
உங்களுடையதுதான் ஐயா என்றேன்.
சிரித்தார். பேனாவை எடுக்கவில்லை.

கொம்பன் போன மழையில் செத்தது.
செவலை இருக்கிறது.
பள்ளிக்கூட மைதானத்தில் யாராவது விசில் ஊதினால்
சாலையை விட்டு இறங்கி
நிழலுள்ள பாறையாகத் தேடுகிறது.
நான் கயிற்றை இழுப்பதில்லை.